இலைத் தேயிலை வீட்டில் போட்டால் ஏன் துவர்க்கிறது?

குன்னூருக்குப் போன இடத்தில் கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த பால் சேர்க்காத தேநீர் பிடித்துப்போய், 250 கிராம் இலைத் தேயிலை வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வீட்டில் வழக்கம்போலப் பாலும் தண்ணீரும் கலந்து கொதிக்கவிட்டபோது சாயமே இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டீர்கள். சாயம் வந்தது, கூடவே நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் வந்தது. 'வழக்கமாக வாங்கும் தூளைவிட இரண்டு மடங்கு விலை. ஏமாற்றிவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் போடத் தெரியவில்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். டீ எப்படிப் போடுவது என்ற கேள்வி மாதிரித் தெரிந்தாலும், நீங்கள் கேட்பது வேறு: விலை கூடின தேயிலை ஏன் விலை குறைந்ததைவிட மோசமாக இருக்கிறது? சுருக்கமாகச் சொன்னால், டீ தண்ணியாக இருப்பது ஒரு கோளாறு, துவர்ப்பது இன்னொரு கோளாறு. முதலாவதைச் சரிசெய்யப் போய் இரண்டாவதை வரவழைத்துக்கொண்டீர்கள்.

விரிவாகச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம், அப்புறம் ஏலத்துக்கு வரும் மாதிரிகளைச் சுவைத்துப் பார்க்கும் அறையில் நெடுங்காலம் என்று இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சுவைப்பது என்றால் ரசித்துக் குடிப்பது இல்லை. ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். காலையில் ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் நூற்றுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே கறுப்புத் தேயிலையைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். சீனா, ஜப்பான் பச்சைத் தேயிலையெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிக் குடித்த பழக்கம் மட்டுமே. அங்கே என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஏமாற்றிய விஷயம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. சாயம் சீக்கிரம் இறங்கவில்லை என்பதே நல்ல அறிகுறி. தேயிலையில் ஏமாற்று வேலை பெரும்பாலும் நேரெதிராக நடக்கும். ஒருமுறை பயன்படுத்திய சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்பார்கள், அது பளிச்சென்று நிறம் காட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை இலையை மேலே தூவுங்கள். சாயம் ஏற்றியதாக இருந்தால் உடனே நிறம் கோடு கோடாக இறங்கும். நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் நிதானமாகத்தான் நிறம் விடும். இன்னொன்று, டீ போட்ட பிறகு ஊறிய இலை ஒன்றை எடுத்து விரலால் விரித்துப் பாருங்கள். ஓரளவு முழு இலையாக, செம்பு நிறத்தில், ஓரத்தில் ரம்பப் பல்லோடு விரிந்தால் உங்கள் காசுக்கு நல்ல சரக்குதான் வந்திருக்கிறது.

இனி ஏன் இப்படி ஆனது என்பதற்கு வருகிறேன். நாம் தினமும் குடிப்பது சி.டி.சி. தூள். நொறுக்கி, கிழித்து, சுருட்டுவது என்பதற்கான ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகள் அவை. 1930களில் அசாமில் உருவான முறை. பற்கள் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழலும், வாடிய கொழுந்து அவற்றுக்கு நடுவே போய்க் கூழாகி வெளியே வரும். இலையின் செல்கள் அநேகமாக எல்லாமே உடைந்துவிடுவதால், பின்னால் அதில் வெந்நீர் பட்டதும் உள்ளே இருப்பது மொத்தமும் அவசர அவசரமாக வெளியே ஓடிவரும். பாலும் சர்க்கரையும் போட்டாலும் நிறமும் திடமும் நிற்க வேண்டும் என்பதற்காகவே செய்த தூள் அது. நீங்கள் வாங்கியது ஆர்தடாக்ஸ் என்கிற பழைய முறை. கொழுந்தை வாட்டி, உருட்டும் மேசையில் முறுக்கி, பரப்பி வைத்து, உலர்த்துவார்கள். செல்கள் ஓரளவுதான் உடையும், இலை முறுக்கிய கம்பி மாதிரி இருக்கும். வெந்நீர் அந்த முறுக்கை அவிழ்த்து உள்ளே போய் வருவதற்கே நேரம் எடுக்கும். தூளைக் கொதிக்கவிடலாம், தாங்கும். இலையை ஊறத்தான் விட வேண்டும். நம் கைக்குப் பழகியது முதல் வேலை, நீங்கள் வாங்கியதோ இரண்டாவது சரக்கு.

பரப்பி வைப்பதை ஃபேக்டரியில் எல்லோரும் 'ஃபெர்மென்டேஷன்' என்போம். வேதியியல் படித்தவர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் இட்லி மாவு புளிப்பது போல அங்கே நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை. இலையிலேயே இருக்கும் நொதி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, பச்சை இலையில் இருக்கும் கேட்டெக்கின் என்ற துவர்ப்புப் பொருள்களை தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று மாற்றுகிறது. முதலாவது டீக்குப் பளிச்சென்ற தன்மையும் நாக்கில் ஒரு சுறுசுறுப்பும் தரும். இரண்டாவது நிறமும் கனமும் தரும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. மணமும் காஃபீனும் முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். துவர்க்கிற கனமான சரக்கு பின்னால் வந்துகொண்டே இருக்கும். அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டால் முதலில் வந்த மணம் ஆவியோடு போய்விடும், பின்னால் வந்த துவர்ப்பு பாத்திரத்தில் தங்கிவிடும். நீங்கள் குடித்தது அதைத்தான்.

ஆகவே என் ஒரே சட்டம் இது: டீ திடமாக வேண்டுமானால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

இலை எவ்வளவு? இங்கேதான் ஸ்பூன் ஏமாற்றும். தூளில் ஒரு ஸ்பூன் என்பதும் முழு இலையில் ஒரு ஸ்பூன் என்பதும் ஒன்றல்ல. இலை நீட்டி மடக்கிக் கிடக்கும், நடுவே காற்றுதான் அதிகம். என் வீட்டுத் தராசில் தூள் ஒரு டீஸ்பூன் இரண்டரை கிராம் காட்டுகிறது, பெரிய இலை அதில் பாதிக்குச் சற்று மேல். நீங்கள் பழக்கத்தில் அதே ஸ்பூனால் அதே அளவு போட்டிருப்பீர்கள், பாதி இலைதான் விழுந்திருக்கும், தண்ணியாகத்தான் இருக்கும். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள், டீப்பாத்திரம் வாங்குவதைவிட உருப்படியான செலவு. இல்லையென்றால் பெரிய இலைக்கு ஒரு டம்ளருக்குக் குவியலாக இரண்டு ஸ்பூன் என்று ஆரம்பியுங்கள்.

சுவைக்கும் அறையில் நாங்கள் பின்பற்றிய கணக்கு 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். சர்வதேசத் தர அமைப்பின் 3103 என்ற எண்ணுள்ள தரமே இதற்கென்று இருக்கிறது, 1980-இல் வந்தது. டீ போடுவதற்குச் சர்வதேசத் தரம் இருப்பதாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதைப் பார்த்து வீட்டில் போடாதீர்கள். அது குற்றம் கண்டுபிடிக்கிற கணக்கு. உலர்த்தும்போது கருகியதா, பரப்பி வைத்தது அதிகமானதா என்பதெல்லாம் 6 நிமிடத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வெளியே வந்துவிடும். குடிப்பதற்கு நான் 300 மில்லிக்கு 5 கிராம் போட்டு 4 நிமிடத்தில் வடித்துவிடுவேன். உங்கள் பாக்கெட்டில் ஓ.பி., அதாவது 'ஆரஞ்சு பெக்கோ' என்ற முழு இலை என்று போட்டிருந்தால் இதே கணக்கு. முன்னால் 'புரோக்கன்' சேர்ந்து பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை, 3 நிமிடம் போதும். பி.ஓ.பி.எஃப். இன்னும் சிறியது, இரண்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். இந்த எழுத்துகள் இலையின் அளவைச் சொல்பவை, தரத்தைச் சொல்பவை அல்ல. அதில் வரும் 'ஆரஞ்சு'க்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் சம்பந்தமில்லை. 'பெக்கோ' என்பது மொட்டின் மேலிருக்கும் வெள்ளை மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. 'டஸ்ட்' என்பதும் தரையில் கூட்டி அள்ளிய தூசி இல்லை. அதுவும் ஒரு சல்லடை அளவுதான், நம் டீக்கடைகள் ஓடுவதே அதில்தான்.

செய்முறை இதுதான். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். மூடி உள்ள இன்னொரு பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள், பாத்திரம் சூடாக வேண்டும். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் எதுவானாலும் சரி. இலையை அதில் போட்டு ஒரு கணம் முகர்ந்து பாருங்கள். சூடு பட்ட காய்ந்த இலையின் மணம் தனி, அதைத் தவறவிடாதீர்கள். கொதிநீரை இலையின் மேல் ஊற்றி மூடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் ஒரே ஒருமுறை கிளறலாம். நான்காவது நிமிடத்தில் முழுவதையும் வடித்துவிடுங்கள். பாதியை டம்ளரில் ஊற்றிவிட்டு மீதியை இலையோடு விட்டால், இரண்டாவது டம்ளர் நீங்கள் எழுதிய அதே துவர்ப்போடு காத்திருக்கும். சங்கிலியில் தொங்கும் ஓட்டை உருண்டை ஒன்று விற்கிறார்களே, அது வேண்டாம். இலை விரிய அதில் இடமில்லை, நெரிசல் பேருந்து மாதிரி நடுவில் இருக்கும் இலைக்குத் தண்ணீரே போய்ச் சேராது. இலையை நீரில் தாராளமாக மிதக்கவிட்டு, கடைசியில் சாதாரண வடிகட்டியில் வடிப்பதே நல்லது.

நிறத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். நல்ல நீலகிரி இலையின் சாறு தேன் நிறத்துக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவே, அடி தெரியும்படி பளிச்சென்று இருக்கும். கறுத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால் கெட்டுவிடும். ஆறும்போது அது கலங்கி மங்கலாகப் போனால் பயப்படாதீர்கள். காஃபீனும் தியாஃபிளேவினும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது, சரக்கில் சத்து இருக்கிறது என்பதற்கு நாங்கள் பார்க்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

இப்போது தண்ணீர். இதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, நானும் வெகுநாள் எடுத்ததில்லை. சில வருடங்களுக்கு முன் சென்னையில் இருக்கும் அக்காவுக்கு நல்ல குளிர்காலத் தேயிலை ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். மறுநாளே போன். "டேய், என்னடா தேயிலை இது? கறுப்பா இருக்கு, மேல எண்ணெய் மாதிரி ஏதோ மிதக்குது. மூஞ்சில அடிச்ச மாதிரி சப்புன்னு இருக்கு." எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நானே சுவைத்து எடுத்த சரக்கு. அடுத்த முறை போனபோது என் கண்முன்னே போடச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் அடுக்குமாடியின் போர்வெல் தண்ணீர். கெட்டிலின் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படலம். டம்ளரின் மேல் பழுப்பு ஏடு, கரண்டியால் தள்ளினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து நகர்ந்தது. "அக்கா, டீயில கோளாறு இல்ல, தண்ணியில" என்று சொல்லிவிட்டுக் கேன் தண்ணீரில் அதே இலையைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் குடித்தாள். அக்காவிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

இதன் காரணம் ஊகமில்லை, ஆராய்ந்து சொன்னது. கடின நீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் தேநீரின் பாலிஃபீனால்களோடு (மேலே சொன்ன கேட்டெக்கின், தியாஃபிளேவின் எல்லாம் அந்த இனம்தான்) சேர்ந்து, காற்றுப்படும் மேற்பரப்பில் அந்த ஏட்டை உண்டாக்குகின்றன. பைகார்பனேட் நீரைக் காரப்பக்கம் தள்ளுவதால் நிறமும் கறுத்துப்போகும். நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டால் ஏடு மறைந்து நிறம் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். அதற்காக எதற்கெடுத்தாலும் ஆர்.ஓ. தண்ணீர் என்றும் போகாதீர்கள். உப்பே இல்லாத நீரில் டீ ஒட்டாமல் தட்டையாக இருக்கும். உங்கள் வீட்டில் போர்வெல் என்றால் ஆர்.ஓ. நீரும் அதுவும் பாதிப் பாதி கலந்து பாருங்கள். ஆர்.ஓ. இல்லையா, தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் வெள்ளை படிந்தபின் மேலே இருப்பதை மட்டும் எடுத்து மறுபடி காய்ச்சுங்கள். பழைய வழிதான், பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மையில் பெரும்பகுதி போய்விடும்.

குன்னூரில் குடித்தபோது இருந்த ருசி வீட்டில் வராததற்கும் இதில் பங்கு உண்டு. மலைத் தண்ணீர் மென்மையானது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், மதுரையில் கிட்டத்தட்ட 100. நீங்கள் வாங்கியது டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் பறித்த மென்மையான இலை என்றால், கொதித்த தண்ணீரை அரை நிமிடம் இறக்கி வைத்துவிட்டு ஊற்றிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். சாதாரணக் கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பால் விஷயத்தில் சிலர் பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்த மாதிரிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஆசாரம் கிடையாது. பாலின் கேசீன் புரதம் துவர்ப்பைப் பிடித்துக் கட்டிவிடும், அது உண்மை. ஆனால் மலை உயரத்து முழு இலையின் மெல்லிய மணம் பாலுக்கு அடியில் போய்விடும், அதற்குக் கொடுத்த விலை வீண். பால் வேண்டுமென்றால் பி.ஓ.பி. மாதிரி உடைந்த இலையில், அதே அளவு தண்ணீருக்கு இலையை மட்டும் ஒன்றரை மடங்காகப் போட்டுச் சாற்றை வடித்த பிறகு, சுடுபாலைக் கொஞ்சமாகச் சேருங்கள். சேர்த்தபின் கொதிக்கவிடாதீர்கள். இஞ்சி தட்டிப் போட்டுப் பாலோடு பொங்கவைத்த டீதான் வேண்டும் என்றால் அதற்குத் தூளே சரி, நானும் காலையில் அதைத்தான் குடிக்கிறேன். இலங்கை மலையகத்தில் வெறுஞ்சாயத்தை ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். இனிப்பு வேண்டுமென்றால் அந்த வழி எனக்குப் பிடித்தது, டீக்குள் சர்க்கரை விழுவதில்லை.

இனி சந்தேகத்துக்குரியவை. 'ஒருமுறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்தால் ஆக்ஸிஜன் போய் டீ சப்பென்று ஆகிவிடும்' என்று என் மூத்த சுவைஞர்களே சொல்வார்கள். நான் இதை நம்புவதில்லை. முதல் கொதியிலேயே நீரில் கரைந்த ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடுகிறது, இரண்டாவது கொதியில் போவதற்கு என்ன மிச்சம்? கடின நீரை மேன்மேலும் காய்ச்சினால் ருசி மாறலாம், அது வேறு விஷயம். 'முதல் அரை நிமிடச் சாற்றைக் கொட்டிவிட்டால் காஃபீன் போய்விடும்' என்பதும் தவறு. அரை நிமிடத்தில் ஒரு பகுதிதான் போகும், மணமும் சேர்ந்து போகும். பாலை முன்னால் ஊற்றுவதா பின்னால் ஊற்றுவதா என்பது வெள்ளைக்காரர்கள் நூறு வருடமாகப் போடும் சண்டை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பது உறுதியான விஷயம். வீட்டில் ரத்தசோகை உள்ளவர்கள் இருந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பச்சைத் தேயிலை பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அதில் கேட்டெக்கின் மாறாமல் அப்படியே இருப்பதால் கொதிநீர் பட்டால் கசக்கும். 75, 80 டிகிரிக்கு ஆறவிட்டு இரண்டு நிமிடம் ஊறவைத்தால் எனக்கு ஒத்துவருகிறது. வெயில் காலத்துக்கு, உங்கள் கறுப்பு இலையையே 10 கிராம் எடுத்து ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து வடித்துப் பாருங்கள். துவர்ப்பு ரொம்பக் குறைவாக இருக்கும். மதுரை மே மாதத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

மீதி இலையை எப்படி வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 250 கிராம் ஒரு வாரத்தில் தீராது. தேயிலை ஈரத்தையும் வாசனையையும் பஞ்சு மாதிரி இழுக்கும். இறுக்கமான மூடி உள்ள தகர டப்பாவில், அடுப்புக்கும் மசாலா அலமாரிக்கும் தூரமாக வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் வேர்க்கும். தொழிலில் இத்தனை வருடம் இருந்த நானே ஒருமுறை நல்ல இலையைக் கட்டிப் பெருங்காயம் இருந்த பழைய டப்பாவில், கழுவிக் காயவைத்துவிட்டோமே என்ற தைரியத்தில் போட்டு வைத்தேன். அந்த மாதம் முழுக்க வீட்டில் டீக்கும் ரசத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. உங்கள் பாக்கெட்டில் என்ன எழுத்துகள் போட்டிருக்கிறது, வீட்டில் என்ன தண்ணீர் என்று சொன்னால், நேரத்தையும் அளவையும் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.